நாற்பத்து மூன்று சொற்களில் எஞ்சிய மொழி

தென் அமெரிக்காவில், பெரு நாட்டின் வடமேற்கே, பசிபிக் மாக்கடலை ஒட்டிச் செச்சூரா என்னும் பாலைநிலம் அமைந்துள்ளது. அங்குள்ள கரையோர மக்கள் முற்காலத்தில் பேசிய செச்சூரா மொழி இன்று வழக்கொழிந்துவிட்டது. அம்மொழியை அறிய உதவும் முதன்மையான சான்றுகள் இரண்டு சிறு சொற்பட்டியல்களே.

முதற் பட்டியலைத் தொகுப்பித்தவர் துருஹில்லோ மறைமாவட்ட ஆயர் மார்த்தினெஸ் கொம்பாஞோன். 1782 முதல் 1785 வரை தம் மறைமாவட்டத்தைச் சுற்றிப் பார்த்த அவர், அவ்வட்டாரத்து மக்களையும் மரஞ்செடிகளையும் விலங்குகளையும் ஓவியங்களாகத் தீட்டுவித்தார். அத்தொகுதிகளுள் ஓர் அட்டவணையும் உண்டு. அதில் 43 ஸ்பானியச் சொற்களுக்கு எட்டு உள்நாட்டு மொழிகளில் ஈடான சொற்கள் தரப்பட்டுள்ளன. இரண்டாம் பட்டியலை 1863-இல் எழுதியவர் ரிச்சர்டு ஸ்புரூஸ் என்னும் ஆங்கிலேயத் தாவர அறிஞர். கொயினா மருந்து தரும் சின்கோனா மரத்தின் விதைகளையும் நாற்றுகளையும் 1860-இல் எக்வடோர் மலைகளில் திரட்டி, இந்தியாவில் நீலகிரி முதலிய இடங்களில் அதனைப் பயிரிட உதவியவர் இவரே.

ஒரே சொற்களை எல்லா மொழியாரிடமும் கேட்டமையே ஆயரின் அட்டவணைக்குள்ள சிறப்பாகும். அண்டை ஊர்களான கொலான், கட்டகாவோஸ் இரண்டிலும் நீருக்கு 'யுப்' என்பது பெயர், செச்சூராவிலோ 'துத்தூ'. இவ்வாறு 43 சொற்களையும் வரிசையாக ஒப்பிட்டே மொழிகளின் உறவை ஆராய்தல் இயலும். ஒற்றைச் சொல்லைக் கொண்டு முடிவு கூறுதல் தகாது.

எனினும் சொற்பட்டியலால் அறிய இயலாதன பல. 'தந்தை' என்பதற்குக் கிடைத்த விடை 'தந்தை' என்று மட்டும் பொருள்படுமா, 'என் தந்தை' என்று பொருள்படுமா? ஸ்பானிய எழுத்துக்களால் குறிக்கப்பட்ட ஒலிகள் உண்மையில் எவ்வாறு ஒலித்தன? வினைச்சொல் காலமும் இடமும் காட்டியது எவ்வாறு? இவற்றைக் கேட்டறிவதற்கு அம்மொழி பேசுவோர் இன்று எவரும் இலர்.

அருகிவரும் ஒரு மொழியைக் குறிப்பெடுக்கும் களப்பணியாளரும் ஆசிரியரும் இதனின்று ஒரு பாடம் பெறலாம். சொற்களோடு சில வாக்கியங்களையும் எழுதிக்கொள்ளுதல் வேண்டும். 'நான் நீர் குடிக்கிறேன்', 'அவன் நீர் குடிக்கிறான்', 'நேற்று நாங்கள் நீர் குடித்தோம்' என்னும் மூன்று வாக்கியங்களே இடம், எண், காலம் பற்றிய முதற் குறிப்பை நல்கும். எழுதிய ஊரும் நாளும் உடன் குறிக்கப்படுதல் நன்று. செச்சூரா மொழியில் அத்தகைய மூன்று வாக்கியங்கள் எஞ்சியிருப்பினும், அதன் இலக்கணத்தின் வாயில் ஓரளவேனும் திறந்திருக்கும்.