தோலின் விலையில் சேராத செலவு

லாபம் முதலாளிக்கு, நஷ்டம் ஊருக்கு என்று நடக்கும் முதலாளித்துவத்தைத் திருத்த முடியுமா? வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை என நீளும் பாலாற்றுத் தோல் பட்டறைகளில் அந்த முயற்சி முப்பது ஆண்டுகளாக நடக்கிறது.

என்ன பிரச்சினை?

பச்சைத் தோல் கெடாமலிருக்க உப்புத் தடவி வரும். ஊறவைத்தால் உப்பு நீரில் இறங்கும். பதனிடும்போது குரோமியம் சேரும். இந்த நீரைச் சுத்திகரித்தால் செலவு; அப்படியே விட்டால் காசு மிச்சம். பல ஆண்டுகள் அப்படியே விட்டார்கள். கிணறு உப்பேறி, சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுதாகவோ பகுதியாகவோ பாழானது.

நீதிமன்றம் என்ன செய்தது?

வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991-இல் தொடுத்த வழக்கில், 1996 ஆகஸ்ட் 28 அன்று நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான உச்ச நீதிமன்ற அமர்வு தீர்ப்பளித்தது. தோல் தொழில் அந்நியச் செலாவணியும் வேலையும் தருகிறது. ஆனால் அதற்காகச் சுற்றுச்சூழலை அழிக்கும் உரிமை அத்தொழிலுக்கு இல்லை என்றது அமர்வு. மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும் என்பது இந்நாட்டின் சட்டமானது. ஒவ்வொரு தொழிற்சாலைக்கும் ரூ.10,000 அபராதம். பொதுச் சுத்திகரிப்பு நிலையமோ தனிச் சுத்திகரிப்பு ஏற்பாடோ கட்டாயமானது.

பலன்?

பாதிதான். அன்றைய வேலூர் மாவட்டத்தில் 29,193 குடும்பங்களுக்கு நிர்ணயிக்கப்பட்ட இழப்பீடு சுமார் ரூ.26.82 கோடி. சராசரியாகக் குடும்பத்துக்குப் பத்தாயிரம்கூடத் தேறாது. கழிவுநீரை வெளியே விடாத ‘ஜீரோ டிஸ்சார்ஜ்’ முறை வந்த நிலையங்களில், நீரைக் காய்ச்சியபின் மிஞ்சும் கலப்பு உப்பு வாங்க ஆளின்றிக் குவிகிறது. 2015 ஜனவரி 31 அன்று ராணிப்பேட்டையில் கழிவுச் சேற்றுத் தொட்டியின் சுவர் இடிந்து, பக்கத்துத் தொழிற்சாலையில் தூங்கிக்கொண்டிருந்த 10 பேர் இறந்தனர். 2025 ஜனவரி 30 அன்றும், பாதிக்கப்பட்டோருக்கு ஈடு கொடுத்து, அதை மாசுபடுத்தியவர்களிடம் வசூலிக்கும்படி உச்ச நீதிமன்றம் அரசுக்கு மீண்டும் உத்தரவிட வேண்டியிருந்தது.

ஆலைகளை மூடிவிடுவதும் தீர்வாகாது. ஆம்பூரில் ஷூ கம்பெனிச் சம்பளத்தில் குடும்பம் நடத்தும் பெண்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். முதலாளித்துவத்தைத் திருத்த முடியும்; தானாகத் திருந்தாது. ஊர் கேட்டதால் வழக்கு வந்தது, வழக்கால் சட்டம் வந்தது. சட்டப்படி பணத்தை வசூலிக்க வேண்டியது அரசு. அந்த வேலையை அது இனியும் தள்ளிப்போடக் கூடாது.