சகோதர நகரங்கள்: ஒரு மேஜைத் துணி கூறும் பாடம்

பெண் கொடுத்துப் பெண் எடுத்த ஊர்கள் ஒன்றுக்கொன்று முறை கொண்டாடுவது நம் நாட்டுப்புறங்களில் தொன்றுதொட்டு வரும் வழக்கம். ஓர் ஊரில் தீப்பிடித்தால் மற்ற ஊரிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு நெல்லும் துணியும் வந்து சேரும். கடல் கடந்த இரு நகரங்கள் இவ்வாறு உறவு பூணுவதையே இக்காலத்தில் 'சகோதர நகர உறவு' என்கிறோம். இது இரு நாட்டு அரசாங்கங்கள் செய்துகொள்ளும் உடன்படிக்கை அன்று. இரு நகராட்சி மன்றங்களும் தீர்மானம் நிறைவேற்றுகின்றன, மேயர்கள் கையொப்பமிடுகின்றனர், அதன்பின் மாணவர்களும் மருத்துவர்களும் கலைஞர்களும் ஓர் ஊரிலிருந்து மற்றோர் ஊருக்குச் சென்று வருகின்றனர். இவ்வுறவு எங்ஙனம் தோன்றியது, அதனால் விளைந்த பயன் யாது என்பதை நமது அங்கத்தினர்கள் அறிந்துகொள்வது நலம்.

இங்கிலாந்தின் நடுப்பகுதியிலுள்ள கவென்ட்ரி என்னும் நகரத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். அதுவும் நம்மைப்போல் தறியை நம்பி வாழ்ந்த ஊரே. பட்டு நாடா நெசவுக்கு அது பெயர் பெற்றிருந்தது. 1860-ஆம் ஆண்டில் இங்கிலாந்தும் பிரான்சும் செய்துகொண்ட வியாபார உடன்படிக்கையின்படி பிரெஞ்சுப் பட்டின்மீதிருந்த இறக்குமதி வரி நீக்கப்பட்டது. பிரெஞ்சு நாடாக்கள் வந்து குவிந்தன. கவென்ட்ரித் தறிகள் ஓய்ந்தன, நெசவாளர் பலர் பட்டினியால் வாடினர், பலர் குடிபெயர்ந்தனர். எஞ்சியோரில் பலர் கடிகாரம், தையல் இயந்திரம், சைக்கிள், மோட்டார் ஆகிய தொழில்களை நாடினர்.

அந்தத் தொழிற்சாலைகளே பிற்காலத்தில் அவ்வூருக்கு ஆபத்தையும் தேடித் தந்தன. இரண்டாம் உலக யுத்தத்தின்போது, 1940 நவம்பர் 14-ஆம் நாள் இரவு, ஜெர்மன் விமானங்கள் கவென்ட்ரியின்மீது குண்டுமாரி பொழிந்தன. ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். பழம்பெரும் தேவாலயம் வெறும் சுவர்களாக நின்றது.

இவ்வாறு அடிபட்ட மக்கள், தம்மினும் கொடிதாக அடிபட்ட மற்றோர் ஊரை நினைத்தனர். அது ருஷியாவின் ஸ்டாலின்கிராடு. 1942-இல் தொடங்கி 1943 பிப்ரவரி வரை அங்கு நடந்த போரில் நகரமே இடிபாடாயிற்று. கவென்ட்ரிப் பெண்கள் 830 பேர், மேயர் எமிலி ஸ்மித் உள்பட, தங்கள் பெயர்களை ஒரு மேஜைத் துணியில் பூத்தையலாகப் பொறித்தனர். பெரிய இரக்கத்தைவிடச் சிறிய உதவி மேலானது என்று பொருள்படும் வாசகமும் அதில் தைக்கப்பட்டது. ஆளுக்கு ஆறு பென்ஸ் சேர்த்து, துணியுடன் பணமும் அனுப்பினர். கணக்கிட்டால் மொத்தம் இருபத்தொரு பவுன்கூட வராது. எனினும் அத்துணி இன்றும் அந்நகரத்துப் போர் அருங்காட்சியகத்தில் போற்றிக் காக்கப்படுகிறது. 1944-இல் இரு நகரங்களும் உறவு பூண்டன. இக்காலச் சகோதர நகர உறவுகளுக்கு இதுவே முன்னோடி எனப் பலரும் கூறுவர்.

இதனினும் அரியதொரு செயலை நாம் குறிப்பிட வேண்டும். 1945 பிப்ரவரியில் பிரிட்டிஷ், அமெரிக்க விமானங்களின் குண்டுவீச்சால் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரம் எரிந்தது. ஏறத்தாழ 25,000 பேர் மாண்டனர். 1959-இல் கவென்ட்ரி அந்த டிரெஸ்டனையே சகோதர நகரமாக ஏற்றது. 1965-இல் பிரிட்டிஷ் இளைஞர்கள் அங்கு சென்று, இடிந்து கிடந்த ஒரு மருத்துவமனையைக் கட்டும் பணியில் தாமே ஈடுபட்டனர். பகைவரின் ஊர் என்று ஒதுக்காமல், தம்மைப்போல் துன்புற்ற ஊர் என்று கருதியதன் பயன் இது.

ஸ்டாலின்கிராடு 1961-இல் வோல்கோகிராடு எனப் பெயர் மாறியது. நமது சென்னை மாநகரும் 1960-களில் அந்நகருடன் சகோதர உறவு பூண்டது. அமெரிக்காவில் 1956-இல் ஜனாதிபதி ஐசன்ஹோவர் தொடங்கிய மக்கள் நட்புத் திட்டத்தின் வழியே இத்தகைய உறவுகள் பெருகின. அந்நாட்டின் டென்வர், சான் அன்டோனியோ நகரங்களும் சென்னையின் சகோதர நகரங்களே.

இவ்வுறவுகளின் குறைகளையும் நாம் மறைத்தல் ஆகாது. மாலை, விருந்து, புகைப்படம் என்பனவற்றோடு முடிந்துபோகும் உறவுகளும் உண்டு. மேயர் மாறினால் உறவும் மறக்கப்படுவதுண்டு. அரசியல் புயலுக்கும் இவை தப்புவதில்லை. உக்ரைன் யுத்தத்தை முன்னிட்டு 2022-இல் கவென்ட்ரி நகராட்சி வோல்கோகிராடுடனான உறவை நிறுத்தி வைத்தது. மன்றத்தின் தீர்மானத்தை மற்றொரு தீர்மானம் நிறுத்தலாம். ஆனால் 830 பெண்கள் இட்ட தையலை எத்தீர்மானமும் பிரித்துவிட இயலாது.

கூட்டுறவாளராகிய நாம் இதில் அறிய வேண்டுவது யாது? 1860-இன் உடன்படிக்கையை மேலிருந்தோர் செய்தனர். நெசவாளரை எவரும் கேட்கவில்லை. விளைவை அவர்களே அனுபவித்தனர். மேஜைத் துணியையோ சாதாரண மக்கள் தம் கையாலும் தம் காசாலும் செய்தனர். ஆறு பென்ஸ் என்பது நமது சங்கத்தின் ஒரு பங்குத் தொகையைப் போன்றதே. தனியே அது சிறிது. பெயரோடு பெயராகச் சேர்ந்தபோது ஒரு நகரத்தின் கண்ணீரைத் துடைத்தது. நமது நெசவாளர் சங்கமும் விவசாயிகள் சங்கமும் அண்டை வட்டத்துச் சங்கம் ஒன்றுடன் இத்தகைய உறவு பூணலாகாதா? வெள்ளத்தில் தறிக்குழி நிரம்பிய காலத்தும், மழை பொய்த்துப் பயிர் காய்ந்த காலத்தும், இரங்கற் கடிதத்துக்கு முன்னதாக ஒரு மூட்டை நெல்லோ ஒரு சிட்டம் நூலோ சென்று சேருமானால், அதுவே நாம் கற்ற பாடத்தின் பயனாகும்.