புனலூர்த் தொங்குபாலம்: இரும்பும் மரமும்

காவிரிக் கரையிலுள்ள சேலம், நாமக்கல் சமவெளி மக்களுக்கு ஆற்றைக் கடத்தல் புதிதன்று. முன்னோர் பரிசலேறி அக்கரை சேர்ந்த கதைகளைக் கேட்டு வளர்ந்த நாம், கேரளத்தின் புனலூரில் கல்லடையாற்றின் மீதுள்ள தொங்குபாலத்தை அண்மையில் மாணவர்களுடன் கண்டு வியந்தோம்.

ஆயில்யம் திருநாள் திருவிதாங்கூரை ஆண்ட காலத்தில், ஆல்பர்ட் ஹென்றி என்னும் பொறியாளர் அமைத்த இப்பாலம் 1877இல் நிறைவுற்றது. இதன் நீளம் சுமார் 400 அடி. உயர்ந்த கற்றூண்களின் மேலாகச் செல்லும் இரும்புச் சங்கிலிகளின் முனைகள் இரு கரைகளிலும் நிலத்தினுள் பிணைக்கப்பட்டுள்ளன. சங்கிலிகளினின்றும் தொங்கும் கம்பிகள் பாலத்தின் தளத்தைத் தாங்குகின்றன. தளமோ கம்பகம் என்னும் வன்மரத்தின் பலகைகளால் ஆனது. கொல்லத்தையும் செங்கோட்டையையும் இணைத்த வழியில் வண்டிகளின் சுமையை அப்பலகைகளே முதலில் ஏற்றன.

பின்னர் அருகில் கான்கிரீட் பாலம் எழுந்தது. வாகனங்கள் அதன்வழிச் சென்றன. பழைய பாலம் இன்று பாதுகாக்கப்பட்ட நினைவுச் சின்னம்.

காண்போர் வியப்பது சங்கிலியை; மழையிலும் வெயிலிலும் முதலில் நைவது பலகை. அதனை உரிய காலத்தில் மாற்றாவிடில், சங்கிலி எத்துணை உறுதியாயினும் நடக்க வழியிராது. ஆதலின் பழமையைக் காத்தல் என்பது அதனைத் தொடாது விட்டுவைத்தல் அன்று. நைந்ததை அறிந்து, அதே தகுதியுடைய புதியதை இடுதலாகும். நம் ஊர்ப் பழம்பாலங்களுக்கும் கட்டடங்களுக்கும் வேண்டுவது இவ்விடையறாப் பராமரிப்பே. பாராட்டுரைகள் மட்டும் அவற்றைத் தாங்கா.