கண்டு நிற்பவரும் உடனிருப்பவரும்

முன்னுரை

மணிமேகலைக் காப்பியத்தில் மலர்வனம் புக்க காதை என்றொரு பகுதி உண்டு. மணிமேகலையும் சுதமதியும் பூக்கொய்யச் செல்லும் வழியில், புகார் நகர வீதியில் மக்கள் கூடி நின்று காணும் காட்சிகளைச் சாத்தனார் ஒவ்வொன்றாக எடுத்துரைக்கிறார். அவற்றுள் ஒன்று, எருக்கம்பூ மாலையும் கந்தல் உடையுமாய்த் திரியும் பித்துற்ற மனிதன் ஒருவனின் தோற்றம். காரணமின்றி அழுவதும், ஓரிடத்தில் ஒதுங்கி நெடுநேரம் நின்றுவிடுவதும், தன் நிழலையே பகையாக்கிச் சண்டையிடுவதும் அவன் இயல்பாகக் காட்டப்படுகின்றன. மனச்சிதைவு நோயின் அறிகுறிகளாக இன்றைய மருத்துவர்கள் குறிப்பவற்றுள் சில இவ்வருணனையில் அமைந்திருப்பது வியப்பைத் தருகிறது.

அவ்வருணனையில் நாம் ஊன்றி நோக்கத் தக்கது மற்றொன்றும் உண்டு. அவனைத் தொடர்ந்து செல்லும் மக்கள் கல்லெறியவில்லை, கைகொட்டிச் சிரிக்கவுமில்லை. அவன் துயரைக் கண்டு வருந்தி நிற்கின்றனர். ஆயினும் அவர்கள் செய்வது அவ்வளவே. கண்டு நிற்பதோடு அவர்கள் பணி முடிந்துவிடுகிறது.

திருவள்ளுவரோ மருந்து என்னும் அதிகாரத்தின் இறுதியில் மருத்துவத்தை நான்கு கூறாக வகுக்கிறார். நோயாளி, மருத்துவர், மருந்து என்னும் மூன்றோடு, உடனிருந்து மருந்தளிப்பவரையும் நான்காம் கூறாகச் சேர்க்கிறார். அங்ஙனமாயின் அருகிலிருப்போர் மருத்துவத்திற்குப் புறம்பானவர் அல்லர். மருத்துவத்தின் கால் பங்கு அவர்களே. மனநோயைப் பொறுத்தவரை இக்கருத்து எத்துணைப் பொருத்தமானது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நோயும் பெயரும்

மனநோய் என்பது ஒன்றன்று, பல. உள்ளம் தளர்ந்து, உணவும் உறக்கமும் கெட்டு, வாழ்வே சுமையாகத் தோன்றுவது மனச்சோர்வு. அளவிறந்த எழுச்சியும் அளவிறந்த தளர்ச்சியும் மாறிமாறி வருவது இருமுனை நோய். இல்லாத குரல்கள் காதில் ஒலிப்பதும், எவரோ தமக்குத் தீங்கு சூழ்கின்றனர் என்ற ஐயம் வேரூன்றுவதும் மனச்சிதைவின் முதன்மை அடையாளங்கள். ஏறத்தாழ நூற்றுக்கு ஒருவர் தம் வாழ்நாளில் மனச்சிதைவுக்கு ஆளாகக் கூடும் என்பர். பெரும்பாலும் இளமையில், படிப்பும் தொழிலும் திருமணமும் கூடிவரும் பருவத்தில் அது தலைகாட்டுகிறது.

இந்நோய்களுக்குப் பரம்பரைக் கூறும், மூளையின் வேதியியல் மாற்றமும், வாழ்க்கை நெருக்கடியும் சேர்ந்து காரணமாகின்றன. 1952-ஆம் ஆண்டில் பாரிஸ் நகர மருத்துவர்கள் குளோர்ப்ரோமசின் என்னும் மருந்தை மனநோயாளர்க்கு அளித்துப் பயன்கண்டனர். அதன்பின் மருந்துகள் பல வந்தன. சர்க்கரை நோயாளர் தொடர்ந்து மருந்துண்டு வாழ்வது போல, மனநோயாளரும் மருந்துண்டு வாழ இயலும் என்ற நிலை உருவாயிற்று.

ஆயினும் நம் வழக்குச் சொற்கள் மாறவில்லை. கிறுக்கு, பைத்தியம், லூசு என்பன நாள்தோறும் நம் நாவில் புரளுகின்றன. நோய் தீர்க்கும் இடமாகிய கீழ்ப்பாக்கத்தின் பெயரையே நாம் வசைச்சொல் ஆக்கிவிட்டோம். திரைப்படங்களும் அதனை நகைச்சுவையாக்கின. காசநோய் மருத்துவமனைக்குச் செல்பவரை எவரும் எள்ளுவதில்லை; மனநல மருத்துவமனைக்குச் செல்பவரோ பின்வாசல் தேடுகிறார். 2015-16-இல் நடைபெற்ற தேசிய மனநலக் கணக்கெடுப்பு, வயதுவந்தோரில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் ஏதேனும் ஒரு மனநலக் குறை உண்டென்றும், நோயின் வகைக்கேற்ப அவர்களுள் 70 முதல் 92 விழுக்காட்டினர் உரிய சிகிச்சை பெறுவதில்லை என்றும் அறிவித்தது. மருத்துவர் பற்றாக்குறை இதற்கு ஒரு காரணம். நம் நாக்கும் ஒரு காரணம் எனலாம்.

எம் வீட்டில் நிகழ்ந்தது

ஈண்டு எம் வீட்டு நிகழ்ச்சி ஒன்றைக் கூறுவது பொருந்தும். மூன்றாம் நந்திவர்மன் வெற்றிகொண்ட போர்க்களமென வரலாறு போற்றும் தெள்ளாறே எம் ஊராகிய தெள்ளார். ஆரணிப் பட்டின் தறியோசை கேட்டு வளர்ந்தவர் நாம். எம் தாய்மாமன் ஒரு பட்டு ஜவுளிக் கடையில் கணக்கெழுதி வந்தார். கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். 1990-ஆம் ஆண்டையொட்டி, அவருக்கு இருபத்து நான்கு வயதானபோது, கடைக்குச் செல்வதை நிறுத்தினார். வானொலியில் தம்மைப் பற்றியே பேசுகிறார்கள் என்றார். இரவெல்லாம் முற்றத்தில் நடந்தார்.

தாயத்துக் கட்டினர், தண்ணீர் ஓதிக் கொடுத்தனர், கண்ணேறு கழித்தனர். எவரும் மருத்துவரிடம் அழைத்துச் செல்லவில்லை. செய்தி வெளியில் பரவினால் வீட்டில் இருந்த பெண்களுக்கு வரன் அமையாது என்ற அச்சமே முன்னின்றது. எம் தமக்கையைப் பெண் பார்க்க வந்த நாளில் மாமாவைப் பின்கட்டு அறைக்குள் இருத்தி வெளியில் தாழிடும் பணி எமக்குத் தரப்பட்டது. எமக்கு அப்போது பத்து வயதிருக்கும். உள்ளிருந்து அவர், “நான் சத்தம் போட மாட்டேன், தம்பி. கதவை மட்டும் சாத்தாதே” என்றார். நாம் தாழிட்டோம். வந்தவர்கள் பலகாரம் உண்டு, மனம் மகிழ்ந்து சென்றனர். மாமா சொன்னபடியே சத்தம் போடவில்லை.

அதற்குப்பின் அவ்வறைக்குத் தாழிடுவது வீட்டு வழக்கமாயிற்று. பதினோர் ஆண்டுகள் கழிந்தபின், ஏர்வாடிக்கு அழைத்துச் சென்று அங்கேயே விட்டுவருவதென வீட்டுப் பெரியவர்கள் முடிவு செய்தனர். அவர்கள் கொடியவர்கள் அல்லர். களைத்துப் போனவர்கள், வேறு வழி அறியாதவர்கள். பயணத்திற்கு நாள் குறித்திருந்த வேளையில்தான் அச்செய்தி நாளிதழில் வந்தது.

ஏர்வாடி தந்த பாடம்

இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில் சுல்தான் சையிது இபுறாகீம் ஷஹீது அவர்களின் தர்கா அமைந்துள்ளது. மனநோயுற்றோரைப் பல சமயத்தினரும் அங்கு அழைத்து வந்து தங்குவது நெடுநாளைய வழக்கம். கனவில் உத்தரவு கிடைக்கும் வரை தங்க வேண்டும் என்பது வருவோரின் நம்பிக்கை. உடன் தங்க இயலாத உறவினர்களுக்காகத் தர்காவைச் சுற்றித் தனியார் காப்பகங்கள் பெருகின. கட்டணம் கட்டிவிட்டு உறவினர்கள் ஊர் திரும்பினர். நோயுற்றோர் சங்கிலியில் தங்கினர்.

2001 ஆகஸ்டு 6-ஆம் நாள் விடியற்காலையில், அத்தகைய காப்பகம் ஒன்றின் கீற்றுக் கொட்டகையில் தீப்பற்றியது. பிணைக்கப்பட்டிருந்தவர்களால் ஓட இயலவில்லை. 28 பேர் மாண்டனர். தீ அவர்களைக் கொன்றது என்பது பாதி உண்மையே. சங்கிலி அவர்களை அசையவொட்டாமல் வைத்திருந்தது என்பது மறுபாதி. உச்ச நீதிமன்றம் இந்நிகழ்ச்சியைத் தானாக முன்வந்து விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. அரசு அக்காப்பகங்களை மூடியது. அங்கிருந்த ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் அரசின் பொறுப்பில் கொள்ளப்பட்டனர்.

இங்கு ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். நிகழ்ந்த கொடுமைக்கு வழிபாட்டையோ நம்பிக்கையையோ பழிப்பது முறையன்று. தமிழ்நாட்டில் வேலாயுதம்பாளையம்புதூர் முத்துசாமி கோயிலில் தங்கிய மனநோயாளர் 31 பேரை ஆராய்ந்த மருத்துவர்கள், அவர்களின் நோய்க்குறிகள் ஓரளவு தணிந்ததைக் கண்டு 2002-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதினர். அச்சுறுத்தாத, ஆதரவான சூழலே அதற்குக் காரணம் என்பது அவர்கள் கருத்து. அங்கே நோயாளருடன் உறவினர் ஒருவரும் தங்கினார் என்பது கருதத் தக்கது. குஜராத் மாநிலம் உனாவாவில் உள்ள மீரா தாதார் தர்காவில் மருந்தும் துஆவும் ஒருங்கே கிடைக்குமாறு மனநல மருத்துவர்கள் பணிசெய்யும் திட்டம் உருவானது. பின்னாளில் ஏர்வாடியிலும் அவ்வழி பின்பற்றப்பட்டது. துஆ கேட்க வந்தவர் மருந்தும் பெற்றுச் செல்வதில் எந்த முரணும் இல்லை.

இஸ்லாமிய மருத்துவ மரபு

நம் சமுதாயப் பெரியவர்களுக்கு இதனை இன்னும் சற்று விளக்கிக் கூறுதல் தகும். ஜின் உண்டு என்று நம்புவது வேறு. நோயுற்ற ஒவ்வொருவரையும் ஜின் பிடித்தவர் என்று முடிவுகட்டுவது வேறு. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே முஸ்லிம் அறிஞர்கள் இவ்வேறுபாட்டை உணர்ந்திருந்தனர். அபூ ஜைத் அல்பல்கீ (850-934) உடல்நலத்தையும் உள்ளநலத்தையும் இணைத்து ஒரே நூலில் ஆராய்ந்தார். துயரும் அச்சமும் சினமும் நோயாகும் விதத்தையும் அவற்றைத் தணிக்கும் வழிகளையும் அதில் விரித்துரைத்தார். பீமாரிஸ்தான் எனப்பட்ட மருத்துவமனைகளில் மனநோயாளர்க்கென இடம் ஒதுக்கப்பட்டிருந்தது. 1354-இல் அலெப்போ நகரில் நிறுவப்பட்ட அர்கூன் பீமாரிஸ்தான் அவற்றுள் புகழ்பெற்றது.

சொத்தை ஆளும் அறிவுத்திறன் குன்றியவரிடம் செல்வத்தை ஒப்படைக்க வேண்டாம் என்று கூறும் திருக்குர்ஆன் வசனமே, அவருக்கு உணவும் உடையும் அளித்து, கனிவான சொல்லும் கூறவேண்டும் என்று பணிக்கிறது. பித்துற்றவர் தெளிவடையும் வரை அவர் செயல்கள் குற்றமாகப் பதியப்படுவதில்லை என்பது நபிமொழி. இறைவன் கணக்கில் எழுதாத ஒன்றை நாம் நம் தெருக்கணக்கில் எழுதி வைத்துக்கொண்டு, அக்குடும்பத்தில் பெண் எடுக்க மாட்டோம் என்கிறோம். இதனைப் பெரியவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

சிகிச்சையும் சட்டமும்

சென்னையில் 1794-இல் தோன்றிய மனநோயாளர் காப்பிடம் 1871-இல் கீழ்ப்பாக்கத்திற்கு இடம் மாறியது. 1961 முதல் 1978 வரை அம்மருத்துவமனையின் கண்காணிப்பாளராக விளங்கிய டாக்டர் சாரதா மேனன், அடைத்து வைக்கும் இடத்தைக் குணப்படுத்தி அனுப்பும் இடமாக மாற்ற அரும்பாடுபட்டார். நோயாளர் கைத்தொழில் பயிலவும் அவர் காலத்தில் வழிசெய்யப்பட்டது. 1984-இல் மனச்சிதைவு ஆராய்ச்சிக்கென ஸ்கார்ஃப் நிறுவனத்தைத் தோற்றுவித்தார். 1992-இல் பத்மபூஷண் விருது பெற்ற அவ்வம்மையார் 2021-இல் மறைந்தார்.

மாவட்ட மனநலத் திட்டம் 1996-இல் நான்கு மாநிலங்களில் தொடங்கப்பட்டது; தமிழ்நாடு அவற்றுள் ஒன்று. 1987-ஆம் ஆண்டின் மனநலச் சட்டத்திற்கு மாற்றாக 2017-இல் மனநலப் பராமரிப்புச் சட்டம் இயற்றப்பட்டு, 2018-இல் நடைமுறைக்கு வந்தது. சிகிச்சை பெறுவது நோயாளரின் உரிமை என அச்சட்டம் அறுதியிட்டது. எவ்வடிவிலும் எவரையும் சங்கிலியால் பிணைத்தல் கூடாது என்று அதன் 95-ஆம் பிரிவு தடைவிதிக்கிறது. தம்மை மாய்த்துக்கொள்ள முயன்றவரைக் கடும் மன அழுத்தத்திற்கு ஆளானவராகவே கருத வேண்டும் என்று 115-ஆம் பிரிவு கூறுகிறது. 2022 அக்டோபரில் டெலி மானஸ் என்னும் தொலைபேசி உதவித் திட்டம் தொடங்கப்பட்டது. 14416 என்ற எண்ணை மாணவர்கள் மனத்தில் இருத்திக் கொள்வார்களாக.

உடனிருப்பவரின் பங்கு

மருந்து நோயைத் தணிக்கும். மனிதரை மனிதரிடம் சேர்ப்பது மருந்தால் மட்டும் ஆவதன்று. லண்டனில் ஜார்ஜ் பிரவுனும் அவர்தம் துணைவரும் நடத்தி 1972-இல் வெளியிட்ட ஆய்வு இதற்குச் சான்று. மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய மனச்சிதைவு நோயாளருள், ஓயாத குறைகூறலுக்கும் கடுஞ்சொல்லுக்கும் ஆளானோர்க்கு நோய் மிகுதியாகத் திரும்பி வந்தது. அமைதியான வீட்டில் வாழ்ந்தோர்க்கு அத்துணை மிகுதியாக வரவில்லை. வீட்டாரின் பேச்சும் சிகிச்சையின் பகுதியே என்பது இதனால் விளங்கும்.

எம் மாமாவின் பயணம் ஏர்வாடிச் செய்தி வந்த அன்றே நின்றுபோயிற்று. அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அவரை அழைத்துச் சென்றோம். நான்கைந்து மாதங்களில் உறக்கம் சீரானது; குரல்கள் தணிந்தன. ஆனால் பேச ஆளில்லை. கடையில் பழைய வேலையைத் தரவில்லை. தெருவில் குழந்தைகளை வீட்டுக்குள் அழைத்துக் கொண்டனர். அப்போது அடுத்த வீட்டு நெசவாளர், முதியவர், எம் தந்தையாரிடம் வந்தார். “தம்பிய எங்க தறிக்கிட்ட அனுப்புங்க பாய். தார் சுத்தட்டும். சும்மா உக்காந்திருந்தாலும் சரி” என்றார்.

மாமா சென்றார். முதல் சில நாட்கள் வெறுமனே அமர்ந்திருந்தார். பின்னர் இராட்டையைத் தொட்டார். ஊடைக்குரிய பட்டிழையைத் தாரில் சுற்றத் தொடங்கினார். அந்த நெசவாளர் மனநூல் கற்றவர் அல்லர். காலையில் பெயர் சொல்லி அழைத்தார். மாலையில் கூலி கொடுத்தார். நோய் முற்றிலும் அகன்றுவிட்டது என்று கூற மாட்டோம். இன்றும் மாதந்தோறும் மாத்திரை வாங்குகிறோம். சில நாட்களில் அக்குரல்கள் வருவதுண்டு; வந்தால் அவரே சொல்கிறார். அறைக்கு இப்போது தாழ் இல்லை.

முடிவுரை

மனநோய் பாவமன்று, பரம்பரைப் பழியன்று, வெட்கத்திற்கு உரியதுமன்று. நோய், எனவே மருத்துவம் உண்டு. ஒருவரின் உறக்கமும் பேச்சும் பழக்கமும் வாரக்கணக்கில் மாறி நின்றால் காலந்தாழ்த்தாது மருத்துவரை நாட வேண்டும். தெளிந்துவிட்டதென்று தாமாக மருந்தை நிறுத்தலாகாது. மாணவர்கள் வகுப்பில் ஒதுங்கி இருக்கும் தோழரைப் பெயர் சொல்லி அழையுங்கள். ஆசிரியர்கள் மதிப்பெண் குறைந்த மாணவனைக் கடிந்துகொள்ளும் முன் அவன் உறங்குகிறானா என்று கேளுங்கள். பெரியவர்கள் ஜமாஅத்தில் திருமணப் பேச்சு எழும்போது நோயைக் குற்றமாக்காதீர்கள்.

புகார் வீதியில் வருந்தி நின்ற மக்களை நாம் பழிக்கவில்லை. அவர்களுக்கு மருந்தும் சட்டமும் இல்லை. நமக்கு இரண்டும் உண்டு. ஆதலின் கண்டு நிற்பதோடு நாம் அமைதல் ஆகாது. பத்து வயதில் தாழிட்ட கைதான் இக்கட்டுரையை எழுதுகிறது. அத்தாழைத் திறக்க எமக்குப் பதினோர் ஆண்டுகள் ஆயின; உங்களுக்கு அத்துணை காலம் ஆகவேண்டியதில்லை.