பிள்ளைகள் கட்டும் சிறு வீடு

பிள்ளைகள் மண்ணைக் குவித்து வீடு கட்டி விளையாடுவதைப் பார்க்காத தாய்தந்தையர் இருக்க மாட்டார்கள். துணியெல்லாம் சேறாகிறதே என்று அதட்டி உள்ளே அழைப்பதும் வழக்கந்தான். இன்று அந்த விளையாட்டைப் பற்றித்தான் பேசப் போகிறோம். உதிர்ந்த இலை, காய்ந்த மட்டை, விதை ஓடு, களிமண் ஆகியவற்றைக் கொண்டு ஒரு சாண் அளவில் வீடு கட்டுவது எப்படி, அதில் கவனிக்க வேண்டிய ஆபத்துகள் எவை என்பதைப் பார்ப்போம்.

இது நமக்குப் புதிய விளையாட்டன்று. பழந்தமிழில் இதற்குச் சிற்றில் என்று பெயர். சிறு இல், அதாவது சிறிய வீடு. கலித்தொகையில் கபிலர் பாடிய பாடல் ஒன்றில், சிறு வயதில் தான் மணலில் கட்டிய வீட்டைக் காலால் கலைத்த குறும்புக்காரப் பையனைத் தலைவி நினைத்துப் பார்க்கிறாள். எங்கள் சிற்றிலைச் சிதைக்காதே என்று கண்ணனிடம் கெஞ்சும் பாடல்கள் ஆண்டாளின் நாச்சியார் திருமொழியில் உள்ளன. பின்னாளில் எழுந்த ஆண்பால் பிள்ளைத்தமிழ் நூல்களில் சிற்றில் என்பது ஒரு தனிப் பருவமாகவே அமைந்துவிட்டது. எல்லாவற்றிலும் பெண் பிள்ளைகள் கட்டுகிறார்கள், ஆண் பிள்ளை வந்து உதைக்கிறான்! எங்கள் வகுப்பில் அந்த வழக்கத்தை மாற்றி, பையன்களையும் உட்கார்ந்து கட்ட வைக்கிறோம். உதைப்பவன் கட்டத் தொடங்கினால் உதைப்பது தானே குறைந்துபோகும்.

திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்தில் இது விளையாட்டோடு நிற்காமல் ஒரு திருநாளாகவும் இருக்கிறது. மார்கழி மாதம் விடியற்காலையில் கோலத்தின் நடுவே சாணி உருண்டை பிடித்து, அதில் பூசணிப் பூவைச் செருகி வைப்பார்கள். அதையே பின்னர் வறட்டியாகத் தட்டிக் காயவைப்பார்கள். தைப் பொங்கலுக்குப் பிறகு, வாசலில் களிமண்ணால் அறையும் அடுப்படியுமாக ஒரு சிறு வீடு கட்டி, சிறு பானையில் பிள்ளைகளே பொங்கல் வைப்பார்கள். பிறகு அந்த வறட்டிகளையும் கொஞ்சம் பொங்கலையும் ஆற்றுக்குக் கொண்டுபோய், சூடம் ஏற்றி மிதக்கவிடுவார்கள். இதற்குச் சிறுவீட்டுப் பொங்கல் என்று பெயர். நம்மில் பலருடைய முன்னோர் சேலம், திருச்சி, தஞ்சைப் பக்கங்களிலிருந்து வந்தவர்களாகையால் இவ்வழக்கம் எல்லாருக்கும் தெரிந்திருக்காது. நெல்லைச் சீமையிலிருந்து வந்த பாட்டிமார் வீட்டில் இருந்தால் கேட்டுப் பாருங்கள்.

தோட்டத்தில் வளர்ந்த நமக்கு வீடு என்பது வேலையோடு வந்தது. பெரட்டில் பெயர் இருக்கும்வரை லயத்தில் இடம். வேலை போனால் வீடும் போகும். அடுப்படி எங்கே இருக்கவேண்டும், சன்னல் எந்தப் பக்கம் வேண்டும் என்று நம் பாட்டன் பாட்டியை யாரும் கேட்டதில்லை. இன்று தம்போய் வட்டாரத்தில் பால்மரம் நின்ற இடங்களில் வீடமைப்புப் பகுதிகளும் தொழிற்சாலைகளும் வந்துவிட்டன. அடுக்குமாடியில் குடியேறிய பிள்ளைக்கு நாலாவது மாடியில் மண் ஏது? வாசலை எந்தப் பக்கம் வைப்பது என்று ஒரு பிள்ளை தானே முடிவு செய்யும் முதல் வீடு இந்தச் சிறு வீடுதான். கட்டச் சொன்னால் முதலில் தாங்கள் குடியிருக்கும் வீட்டைப் போலவே கட்டுகிறார்கள். இரண்டாம் முறை கட்டும்போது ஓர் அறையைக் கூட்டிவைத்து, இது பாட்டிக்கு என்கிறார்கள். அந்த அறையை நாம் சொல்லிக்கொடுத்துக் கட்டவைக்க முடியாது.

இனி, கட்டும் முறைக்கு வருவோம். முதல் விதி, உயிருள்ள செடி எதையும் பிடுங்கக் கூடாது. உதிர்ந்ததை மட்டும் பொறுக்கவேண்டும். அமெரிக்காவில் மேய்ன் மாநிலக் கரைக்கு அப்பால் மன்ஹீகன் என்றொரு சிறு தீவு இருக்கிறது. அங்குள்ள காட்டுப் பாதை ஓரங்களில், குட்டித் தேவதைகள் வந்து தங்குவதற்கென்று சொல்லிச் சுள்ளியாலும் மரப்பட்டையாலும் சிறு வீடுகள் கட்டிவைப்பது பிள்ளைகளுக்கும் பெரியவர்களுக்கும் ஒரு வழக்கம். அழகுக்காகப் பச்சைப் பாசியைப் பெயர்த்தெடுத்தால் காடு கெடும் என்பதால், உயிருள்ளவற்றைத் தொடவேண்டாம் என்று அங்கே கேட்டுக்கொள்கிறார்கள். தேவதை வருகிறதோ இல்லையோ, அந்த விதி நமக்கும் பொருந்தும்.

தரைக்குக் களிமண்ணைப் பிசைந்து ஒரு சாண் நீளம், அரைச் சாண் அகலத்தில் தட்டுங்கள். மூலை சரியான செங்கோணமாக அமைய ஒரு வழி உண்டு. மூன்று தீக்குச்சி நீளம், நான்கு நீளம், ஐந்து நீளம் என மூன்று ஈர்க்குகளை நறுக்கி முக்கோணமாக வையுங்கள். மூன்றும் நான்கும் சேரும் மூலை செங்கோணம். பின்னாளில் பைதகோரஸ் என்ற பெயரில் படிக்கப்போவதை இங்கே விரலால் தொட்டுவிடுகிறார்கள். மூலைகளில் விரல் நீளச் சுள்ளிகளைக் கம்பமாக நட்டு, இடையில் தென்னை ஈர்க்கை முடைந்தால் சுவர் ஆயிற்று. மலாய்க் கம்பத்து வீடு போலத் தரையை உயர்த்திக் கட்டவும் சொல்லலாம். கால் வைத்துக் கட்டிய வீட்டின் கீழே காற்றும் வெள்ளமும் புகுந்து போவதை, ஒரு குவளை நீரை ஊற்றிக் காட்டினால் பிள்ளைகள் மறக்கமாட்டார்கள்.

கூரைதான் சிரமமான வேலை. காய்ந்த லாலாங் புல்லைச் சிறு சிறு கட்டாகக் கட்டி, கீழிருந்து மேலாக அடுக்கவேண்டும். மேல் வரிசையின் நுனி கீழ் வரிசையின் தலையை மூடவேண்டும். மேலிருந்து தொடங்கினால் நீர் உள்ளே இறங்கும். பழைய லயங்களுக்கு அத்தாப்பு வேய்ந்தவர்களும் இந்த முறையில்தான் வேய்ந்தார்கள். சரிவு போதாவிட்டால் எந்தப் புல்லும் ஒழுகும். உச்சியை நன்றாக உயர்த்துங்கள். பாக்கு மட்டையை வளைத்தால் ஒரே துண்டில் கூரை கிடைக்கும். தம்போய் என்பதே ஒரு பழமரத்தின் பெயர் அல்லவா? அந்தப் பழத்தின் தடித்த தோல் எங்கேனும் கிடைத்தால் கூடத்தில் வைக்கும் தொட்டியாகும். ஆனால் இரண்டொரு நாளில் பூஞ்சணம் பிடித்துவிடும்.

ஒட்டுவதற்குப் பால்மரக் காட்டுப் பிள்ளைகளுக்குக் கவலையில்லை. மங்கின் விளிம்பில் ஒட்டியிருக்கும் பாலே போதும். ஆனால் சட்டையில் பட்டால் போகாது என்பதை எந்தத் தாய்க்கும் நாம் சொல்லத் தேவையில்லை. செம்பனைத் தோட்டத்தில் இருப்பவர்கள் மரவள்ளி மாவைக் கஞ்சியாகக் காய்ச்சிப் பசையாக்கிக்கொள்ளலாம்.

பால்மரத்தின் காய் முற்றினால் பட்டென்று வெடித்து விதைகளைத் தூர வீசும். பளபளப்பும் புள்ளியுமாக இருக்கும் அந்த விதை, சிறு வீட்டின் முற்றத்தில் பதிக்க மிக அழகானது. 1876இல் ஹென்றி விக்ஹம் என்ற ஆங்கிலேயர் பிரேசிலிலிருந்து இலண்டனுக்குக் கொண்டுபோனது இந்த விதையைத்தான், சுமார் 70,000. அதிலிருந்து முளைத்த கன்றுகளில் 22 அடுத்த ஆண்டு சிங்கப்பூருக்கு வந்தன. நாம் இங்கே வந்து பால்வெட்டியதற்கு வேர் அதில் இருக்கிறது. ஆனால் விதையின் பருப்பைப் பச்சையாகத் தின்னக் கூடாது. நசுக்கினால் ஹைட்ரஜன் சயனைடு என்ற நஞ்சு வெளிப்படும். கசப்பு மரவள்ளியை நன்றாக வேகவைக்காமல் தின்றால் மயக்கம் வருமே, அதே நஞ்சு.

இதைவிடக் கொடியது குன்றிமணி. சிவப்பில் கறுப்புப் பொட்டு வைத்த அந்த விதையைப் பொட்டாகவும் கண்ணாகவும் ஒட்ட ஆசை வரும். மென்று விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. அது வேண்டவே வேண்டாம். முழுச் சிவப்பாக இருக்கும் சாகா விதை வேறு. அதைப் பயன்படுத்தலாம், ஆனால் வாயில் போடவிடாதீர்கள். கைக்குழந்தை இருக்கும் வீட்டில் அதுவும் வேண்டாம். விதை எதையாவது விழுங்கிவிட்டால் கைவைத்தியம் பார்த்துக்கொண்டிராமல், மிச்ச விதையையும் கையில் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்கு விரையுங்கள். காய்ந்த இலைக் குவியலில் தேளும் பூரானும் இருக்கும். முதலில் ஒரு குச்சியால் கிளறிவிட்டுத்தான் பிள்ளை கை வைக்கவேண்டும். கத்தி வேலையைப் பெரியவர்கள் செய்துகொடுங்கள்.

இன்னொன்று தண்ணீர். கிணறு என்றும் குளம் என்றும் கொட்டாங்கச்சியைப் புதைத்து நீர் ஊற்றுவது பிள்ளைகளுக்குப் பெரிய மகிழ்ச்சி. டெங்கியைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கும் அந்தத் தெளிந்த நீர் பிடிக்கும். முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக அதற்கு ஏழிலிருந்து பத்து நாள் போதும். முட்டைகள் ஓட்டின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு, நீர் வற்றினாலும் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். ஆகவே விளையாட்டு முடிந்தவுடன் நீரைக் கொட்டி, ஓட்டைத் தேய்த்துக் கழுவிக் கவிழ்த்து வைக்கவேண்டும். கிணறு கட்டாயம் வேண்டுமென்று அடம்பிடித்தால், அடியில் ஓட்டை போட்ட கொட்டாங்கச்சியில் மணலை நிரப்பிக் கொடுங்கள்.

மாடி வீட்டில் இருப்பவர்கள் ஒரு பழைய தட்டில் ஈர மண்ணைப் பரப்பி அதன்மேல் கட்டலாம். பள்ளித் திடலில் கட்டுவதென்றால் ஆசிரியரிடம் ஒரு மூலையைக் கேட்டுப் பெறுங்கள். நவம்பரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கினால் வெளியே கட்டிய வீடு கரைந்துபோகும். பிள்ளை அழுதால், நல்ல சுள்ளிகளையும் ஈர்க்குகளையும் எடுத்துக் கழுவி உலரவைக்கச் சொல்லுங்கள். அடுத்த வீட்டுக்கு ஆகும். மண்ணும் இலையும் கிடந்த இடத்திலேயே கிடக்கட்டும். கொட்டாங்கச்சிகளை மட்டும் மறக்காமல் எடுத்துவிடுங்கள்.