விதை வாங்குவதிலும் கணக்கு வேண்டும்

"ஆடிப் பட்டம் தேடி விதை" என்பது முதுமொழி. பட்டத்தைத் தேடும் நாம் விதையின் தரத்தையும் தேட வேண்டாமா?

இராஜபாளையத்தை அடுத்த சோழபுரத்திற்கு நாம் சென்றிருந்தபோது, நெசவாள அன்பர் ஒருவர் தம் கொல்லையைக் காட்டி வருந்தினார். மலிவென்று கருதி, சீட்டில்லாத கத்தரி விதை 50-ஐ 10 ரூபாய்க்கு வாங்கினாராம், முளைத்தவை பத்தே. நாற்று ஒன்றின் அடக்கம் 1 ரூபாய். அண்டை வீட்டார் சீட்டுள்ள 50 விதைகளை 20 ரூபாய்க்கு வாங்கினார், 40 முளைத்தன. அடக்கம் 50 காசுதான். எது மலிவு? பட்டம் தவறிய நட்டமோ கணக்கில் அடங்காது.

1966-ஆம் ஆண்டு விதைச் சட்டம் வந்தபின், சீட்டில் முளைப்புத்திறன் குறிக்கப்படுகிறது. சான்று பெற்ற விதைக்கு நீலச் சீட்டு உண்டு. கத்தரியாயின் நூற்றுக்கு எழுபதேனும் முளைக்க வேண்டும். சோதனை நாளையும் பார்த்து வாங்குக. வீரிய ஒட்டுச் செடியின் விதையை மறுபடி விதைத்தால் தாய்க்குணம் நிலைக்காது. நாட்டுக் கத்தரியாயின் நல்ல காயைப் பழுக்கவிட்டு விதை சேர்க்கலாம்.

அங்கத்தினர் பதின்மர் சேர்ந்து பெரிய பொட்டலமாக வாங்கிப் பகிர்ந்துகொள்க. ஆனி மாதத்திலேயே 10 விதைகளை ஈரத்துணியில் முடிந்து வைத்திடுக. இரு வாரத்தில் ஏழுக்குக் குறைவாக முளைப்பின், வேறு விதை தேட அவகாசம் இருக்கும். தறிக்கு நூல் வாங்குகையில் காட்டும் கண்டிப்பு விதைக்கும் வேண்டுமன்றோ!