அலமாரிக்குள் ஒரு தேயிலை டிரையர்

குட்டிக்கானத்திலிருந்து கட்டப்பனைக்குப் போகும் சாலையில் ஏலப்பாறையைக் கடக்கும் எவர் கண்ணிலும் மழைக்காலத்தில் ஒரு காட்சி தவறாமல் படும். எஸ்டேட் லயங்களின் திண்ணைகளில் கட்டிய கொடிகளில் நாள்கணக்கில் தொங்கிக்கொண்டிருக்கும் ஈரத்துணிகள்தான் அது. ஜூன் மாதத்தில் தொடங்கும் இடவப்பாதி முழுதாக ஓய்வதற்குள் துலாமழை வந்துவிடுகிறது. பீர்மேடு மலைப்பகுதியில் ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டருக்கும் மேல் மழை பெய்கிறது. இது சென்னையில் பெய்வதைப் போல் இரண்டு மடங்குக்கும் அதிகம். கொழுந்து பறித்துவிட்டு நனைந்து வரும் தாய்மார்கள் பிள்ளைகளின் பள்ளிச் சீருடையை அடுப்புக்கு மேலே கட்டிய கயிற்றில் போட்டு உலர்த்தியது இம்மலையின் பழைய வழக்கம். புகை வாசம் இல்லாத சீருடையோடு பள்ளிக்குப் போன பிள்ளைகள் அன்று குறைவு.

இன்று நிலைமை மாறி வருகிறது. தோட்டத்தை விட்டு வெளியே ஐந்து சென்ட் நிலம் வாங்கிச் சிறு வீடு கட்டியவர்கள் உண்டு. வளைகுடாவிலும் பெங்களூரிலும் வேலை பார்க்கும் பிள்ளைகள், பெற்றோருக்கு வாஷிங் மெஷினோடு டிரையரையும் சேர்த்து வாங்கித் தருகிறார்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்க இடம் இல்லை. ஆகவே கீழே வாஷிங் மெஷின், அதன் தலைமேல் டிரையர் என அடுக்கி, ஒரு அலமாரிக்குள் அடைத்து, கதவையும் போட்டுவிடுகிறார்கள். அமெரிக்காவில் ஆர்.வி. என்னும் சக்கர வீடுகளிலும், நம் சங்கத்துப் பிள்ளைகள் வெளிநாடுகளில் குடியிருக்கும் சிறு அபார்ட்மெண்டுகளிலும் இதே ஏற்பாடுதான். இடம் மிச்சமாகிறது, சரி. ஆனால் கண்ணுக்கு மறைந்த இயந்திரம் கவனத்துக்கும் மறைந்துவிடுகிறது. அதனால் என்ன ஆபத்து வரும், எப்படிப் பராமரிப்பது என்பதைச் சொல்லவே இக்கட்டுரை.

தேயிலைக்கும் துணிக்கும் ஒரே கணக்கு

ஏலப்பாறையில் இப்படிப்பட்ட ஓர் அலமாரியை நான் திறந்து பார்த்தபோது, தோட்டத்தில் பல ஆண்டுகள் கொழுந்து பறித்த அந்த வீட்டு அம்மா, "ஐயா, மேலே இருக்கிற பெட்டி நம்ம பேக்டரி டிரையர் மாதிரித்தானே?" என்று கேட்டார். எத்தனையோ விளக்கப் புத்தகங்களைவிடச் சரியான கேள்வி அது.

பச்சைக் கொழுந்தில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். அதை வாட்டி, அரைத்து, புளிக்கவைத்து, கடைசியில் டிரையருக்குள் சூடான காற்றைச் செலுத்தி ஈரத்தைச் சுமார் 3 சதவீதத்துக்குக் கொண்டுவருகிறார்கள். அந்த ஈரக்காற்று தொழிற்சாலைக்கு வெளியே போயாக வேண்டும். உள்ளேயே சுற்றினால் தூள் காயாது. துணி டிரையரும் அவ்வளவேதான். சூடான காற்று உள்ளே வர வேண்டும், ஈரக்காற்று வெளியே போக வேண்டும், வழியில் தூசி அடைக்கக் கூடாது.

கணக்கைப் பார்ப்போம். ஐந்து கிலோ பருத்தித் துணி துவைத்து, நிமிடத்துக்கு 1,000 சுற்று வேகத்தில் பிழிந்த பிறகும் அதில் ஏறக்குறைய மூன்று லிட்டர் தண்ணீர் நிற்கும். ஒரு லிட்டரை ஆவியாக்க ஏறக்குறைய 0.65 யூனிட் மின்சாரம் வேண்டும். மூன்று லிட்டருக்கு இரண்டு யூனிட். வீணாகும் சூட்டையும் சேர்த்தால் சாதாரண டிரையரில் மூன்று யூனிட் வரை ஆகும். ஹீட் பம்ப் வகையில் இதில் பாதி அளவே செலவாகும். பிழியும் வேகத்தை 800-லிருந்து 1,400-க்கு உயர்த்தினாலே டிரையருக்குப் போகும் தண்ணீர் ஒரு லிட்டர் போலக் குறையும். பிழிவதற்கு ஆகும் மின்சாரம் காய்ச்சுவதற்கு ஆவதில் மிகச் சிறு பங்குதான். எனவே துணி தாங்குமானால் நன்றாகப் பிழிந்து மேலே போடுங்கள்.

அந்த மூன்று லிட்டர் எங்கே போகிறது?

இதுதான் முக்கியமான கேள்வி. 20 டிகிரி குளிரில் ஒரு கன மீட்டர் காற்று அதிகபட்சம் 17 கிராம் நீராவியைத்தான் தாங்கும். அலமாரிக்குள் இருப்பது இரண்டு கன மீட்டர் காற்று என்றால் 34 கிராம். நாம் வெளியேற்றுவதோ 3,000 கிராம்! ஏலப்பாறையின் ஜூலை மாதத்தில் காற்று ஏற்கெனவே ஈரத்தில் ஊறித்தான் இருக்கும். ஆகவே வெளியே குழாய் விடாத டிரையர், துணியிலிருந்து எடுத்த தண்ணீரைச் சுவருக்கும் மரக்கதவுக்கும் மின் இணைப்புகளுக்கும் கொடுக்கிறது. ஆறு மாதத்தில் சுவரில் கரும்பூஞ்சை, கதவில் உப்பல், வீட்டில் இருமல்.

டிரையர்களில் இரண்டு வகை உண்டு. வென்ட் வகையில் ஈரக்காற்று குழாய் வழியாக வெளியேறும். கண்டென்சர், ஹீட் பம்ப் வகைகளில் ஈரம் உள்ளேயே குளிர்ந்து தண்ணீராகி ஒரு தொட்டியிலோ வடிகால் குழாயிலோ சேரும். குறுகிய அலமாரிக்குப் பின்னது உகந்தது. ஆனால் அதற்கும் சுற்றிலும் காற்று வேண்டும். கதவில் கீழேயும் மேலேயும் ஜன்னல் பலகை போன்ற திறப்புகள் வையுங்கள். பூட்டுப் போடும் கதவு டிரையருக்கு முன்னால் கூடாது என்று தயாரிப்பாளர்களின் கையேடுகளே சொல்கின்றன.

தீயின் வழி

துணியிலிருந்து உதிரும் மெல்லிய பஞ்சுத் தூசி எளிதில் பற்றிக்கொள்ளும். அமெரிக்கத் தீயணைப்பு நிர்வாகத்தின் கணக்குப்படி, 2008 முதல் 2010 வரையிலான காலத்தில் அந்நாட்டு வீடுகளில் ஆண்டுக்குச் சுமார் 2,900 தீ விபத்துகள் டிரையர்களில் தொடங்கின. அவற்றுக்கு முதன்மையான காரணம் இயந்திரக் கோளாறு அன்று, சுத்தம் செய்யாமல் விட்டதுதான். மூன்றில் ஒரு பங்கு விபத்துகள் அதனால் நேர்ந்தவை. 2016 ஆகஸ்டில் லண்டன் ஷெப்பர்ட்ஸ் புஷ் பகுதியில் அடுக்குமாடிக் கட்டிடம் ஒன்றில் பெரும் தீ மூண்டதும் ஒரு வீட்டு டிரையரிலிருந்துதான். அங்கே சாதனத்திலேயே குறை இருந்தது. ஆகவே உங்கள் மாடலைப் பற்றித் தயாரிப்பாளர் ஏதேனும் பாதுகாப்பு அறிவிப்பு விட்டிருக்கிறாரா என்று மாடல் எண்ணைச் சொல்லிக் கேட்டுக்கொள்வது நல்லது.

நம் குடும்பங்களுக்கென்றே ஒரு எச்சரிக்கை. தீபாவளிக்கும் சனிக்கிழமைகளிலும் எண்ணெய் தேய்த்துக் குளித்துத் துவட்டிய துண்டு, சமையலறையில் எண்ணெய் துடைத்த துணி ஆகியவற்றை டிரையரில் போடாதீர்கள். நல்லெண்ணெய், சூரியகாந்தி எண்ணெய் போன்றவை காற்றோடு சேர்ந்து தாமாகவே சூடாகும் தன்மை உடையவை. ஒரு முறை துவைப்பதில் எண்ணெய் முழுவதும் போய்விடுவதில்லை. டிரையரின் சூட்டோடு துணிகளைக் குவியலாக மடித்து வைத்தால், உள்ளே சூடு ஏறி, நெருப்புக் குச்சி இல்லாமலே புகையத் தொடங்கலாம். டிரையர் கடைசிப் பத்து நிமிடம் குளிர்காற்றில் சுற்றுவது இதற்காகவே. "காய்ந்துவிட்டதே" என்று பாதியில் நிறுத்தித் துணியை உள்ளேயே விட்டுவிடக் கூடாது.

மூன்று ஷெட்யூல்

ரயில் பெட்டிகளுக்கு ஒவ்வொரு ஓட்டத்துக்கும் ஒரு சோதனை, மாதத்துக்கு ஒன்று, ஆறு மாதத்துக்கு ஒன்று என்று முறை வைத்திருப்போம். பழுது வந்தபின் பார்ப்பதைவிடப் பழுது வராமல் பார்ப்பதே செலவு குறைவு என்பது அங்கே கற்ற பாடம். அதே முறை இந்த அலமாரிக்கும் பொருந்தும்.

ஒவ்வொரு முறையும்: டிரையரின் பஞ்சு வலையை எடுத்துக் கையால் துடையுங்கள். தண்ணீர்த் தொட்டி இருந்தால் காலி செய்யுங்கள். வாஷிங் மெஷின் கதவின் ரப்பர் வளையத்தை உலர்ந்த துணியால் துடைத்து, கதவைச் சற்றுத் திறந்தே வையுங்கள். சிறு பிள்ளைகள் உள்ள வீட்டில் அலமாரிக் கதவை மட்டும் சாத்தி வையுங்கள்.

மாதம் ஒருமுறை: மின் இணைப்பைக் கழற்றிவிட்டு, வாஷிங் மெஷினின் கீழ் மூலையில் உள்ள பம்பு வடிகட்டியைத் திறங்கள். முன்னால் ஒரு தட்டு வைத்துக்கொள்ளுங்கள், தண்ணீர் வரும். சேலைப் பின், ஹூக், சில்லறைக் காசு எல்லாம் அங்கேதான் தஞ்சம் புகுந்திருக்கும். பஞ்சு வலையைச் சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவைத்து மாட்டுங்கள். துணி மிருதுவாக்கும் திரவம் பயன்படுத்துவோருக்கு இது கட்டாயம். அது வலைக்கண்ணில் மெழுகுபோல் படிந்து காற்றைத் தடுக்கும். துணி இல்லாமல் 60 டிகிரி வெந்நீரில் ஒரு முறை ஓடவிட்டால் உள்ளே படிந்த சோப்பும் பூஞ்சையும் நீங்கும்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை, அதாவது மழைக்கு முன்னும் பின்னும்: தண்ணீர் நுழையும் குழாயின் வாயில் இருக்கும் சிறு வலையைப் பாருங்கள். மலை ஊற்றுத் தண்ணீரில் மழைக்காலத்தில் சேறும் மணலும் வரும், வலை அடைத்தால் மெஷின் தண்ணீர் பிடிக்காமல் நின்றுவிடும். வென்ட் குழாயைக் கழற்றி முழு நீளமும் தூசி தட்டுங்கள். அந்தக் குழாய் நான்கு அங்குல உலோகக் குழாயாக, குட்டையாக, வளைவு குறைந்ததாக இருக்கட்டும். நெளிவுள்ள பிளாஸ்டிக் குழாய் தூசியைப் பிடித்து வைக்கும், தீயும் பிடிக்கும். ரசமட்டம் வைத்துக் கீழ் மெஷினின் நான்கு கால்களையும் சரிபாருங்கள். கீழே ஒரு இம்மி சாய்ந்தால் மேலே ஒரு அங்குலம் ஆடும்.

அடுக்கும் முறை

கனமானதும் ஆடுவதும் கீழே, லேசானது மேலே. முன்கதவு வாஷிங் மெஷின் 60 முதல் 75 கிலோ இருக்கும், ஆட்டத்தை அடக்க உள்ளே கான்கிரீட் கட்டி வைத்திருப்பார்கள். இரண்டுக்கும் இடையில் அந்த மாடலுக்கென்று விற்கும் இணைப்புச் சட்டத்தைப் பொருத்தித் திருகியே ஆக வேண்டும். ரப்பர் பாய் போட்டு வைத்தால் போதும் என்று கடைக்காரர் சொன்னால் ஏற்காதீர்கள். நாற்பது ஐம்பது கிலோ டிரையர் தலை உயரத்திலிருந்து விழுந்தால் என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. பழுதுபார்க்க இறக்கும்போதும் இரண்டு பேர் வேண்டும். முதலில் மின்சாரம், அடுத்துத் தண்ணீர்க் குழாய், பிறகு சட்டத்தின் திருகுகள், கடைசியில் டிரையர் என்பது வரிசை.

வீடு மாறும்போது ஒன்றை நினைவில் வையுங்கள். புது மெஷினோடு வரும் நீண்ட போல்ட்டுகள், பயணத்தில் டிரம் ஆடாமல் பிடித்து வைப்பவை. ஓட்டுவதற்குமுன் அவற்றைக் கழற்ற வேண்டும், மீண்டும் ஏற்றிச் செல்லும்போது மாட்ட வேண்டும். எனவே அவற்றை ஒரு பையில் போட்டு அலமாரியிலேயே தொங்கவிடுங்கள். பிளக்கும் தண்ணீர் வால்வும் மெஷினுக்குப் பின்னால் சிக்கிக்கொள்ளாமல், பக்கத்தில் கை எட்டும் இடத்தில் இருக்கட்டும்.

மின்சாரமும் தண்ணீரும்

வெந்நீர் ஓட்டத்தில் வாஷிங் மெஷின் 2,000 வாட், டிரையர் 2,200 வாட் என்று கொண்டால் இரண்டும் சேர்ந்து 18 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். 16 ஆம்பியர் பிளக் ஒன்றில் இரண்டையும் மாட்டினால் பிளக் உருகும். தனித்தனி லைன், நல்ல எர்த், 30 மில்லியாம்பியரில் துண்டிக்கும் பாதுகாப்பு பிரேக்கர் ஆகிய மூன்றும் வேண்டும். ஈரக் கையோடு தொடும் சாதனத்தில் இது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். இடி மின்னல் நேரத்தில் பிளக்கைக் கழற்றிவிடுங்கள். மின்னழுத்தம் 230-லிருந்து 180 வோல்ட்டுக்கு இறங்கினால் ஹீட்டரின் சூடு 61 சதவீதமாகிவிடும். மாலையில் துணி காயவில்லை என்றால் மெஷினைக் குறை சொல்வதற்குமுன் மின்னழுத்தத்தைப் பாருங்கள்.

தண்ணீர் அழுத்தமும் அப்படியே. பெரும்பாலான முன்கதவு மெஷின்கள் 0.3 முதல் 0.5 பார் அழுத்தம் கேட்கும். தொட்டியின் நீர்மட்டம் மெஷினுக்கு மூன்று முதல் ஐந்து மீட்டர் மேலே இருந்தால்தான் அது கிடைக்கும். தாழ்ந்த கூரைமேல் தொட்டி வைத்த வீடுகளில் தொட்டிக்கு ஒரு சிறு மேடை கட்டினாலே பாதிப் பிரச்சினை தீரும்.

ஏலப்பாறை அம்மாவின் அலமாரியில் வென்ட் குழாய் சுவர்வரை வந்து, சுவரைத் துளைக்காமல் அங்கேயே நின்றிருந்தது. ஒரு கொத்தனாரை அழைத்து நான்கு அங்குலத் துளை போட்டு, வெளியே பூச்சி புகாதபடி ஒரு மூடியும் வைத்தபோது அரை நாள் வேலை முடிந்தது. வெளியே முதல் வெள்ளை ஆவி பறந்ததும் அவர், "பேக்டரிப் புகை மாதிரியே இருக்கு ஐயா" என்று சிரித்தார்.

பெற்றோருக்கு இயந்திரம் வாங்கி அனுப்பும் பிள்ளைகளுக்கு என் வேண்டுகோள் இதுதான். விலைச்சீட்டோடு கடமை முடிந்துவிடுவதில்லை. அடுத்த விடுமுறையில் ஊருக்கு வரும்போது அலமாரிக் கதவைத் திறந்து, வலையைக் கழற்றி, குழாய் எங்கே போய் முடிகிறது என்று உங்கள் கண்ணால் பாருங்கள். அம்மாவுக்கும் ஒருமுறை செய்து காட்டிவிட்டு வாருங்கள்.